பழைய திருஷ்டிக் கயிறு கிடைக்குமா?

அருங்காட்சியகத்துக்குப் பொருள் சேகரிக்கப் போகிறவர்களை வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். திருஷ்டிப் பொருள் சேகரிக்கப் போகிறவளை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

காப்புறுதி விற்கிறவர்கள், தண்ணீர் வடிகட்டி விற்கிறவர்கள், வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களெல்லாம் என் உறவு. நாய் குரைப்பது, ஜன்னல் திரை லேசாக விலகி மறுபடி மூடுவது, உள்ளேயிருந்து ஓர் ஆளே "வீட்ல ஆள் இல்ல" என்று சொல்வது எல்லாம் உங்களுக்கும் பழக்கம்தான். ஆனால் நீங்கள் கேட்பது ஒரு கையெழுத்து. நான் கேட்பது, அவர்கள் பிள்ளையின் இடுப்பில் கிடந்த கறுப்புக் கயிறு.

நான் வரலாறு படித்தவள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் சிறிய தனியார் காட்சியகத்தில் வேலை. அங்கே 'கண்' என்று ஒரு கூடம் அமைக்கிறோம். எந்தக் காலத்தில் எந்த ஊர்க்காரர்கள் கண்ணேறுக்குப் பயந்து எதைக் கட்டினார்கள், எதைத் தொங்கவிட்டார்கள் என்று காட்டுவதற்காக. துருக்கியின் நீலக் கண்ணாடி மணிகள், ஐரோப்பியக் குழந்தைகளுக்குக் கட்டிய பவழம், ரோமாபுரிச் சிறுவர்கள் கழுத்தில் போட்டிருந்த பொன் தாயத்துக் கூட்டின் நகல் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்துவிட்டன. நம் பழங்காலப் பிள்ளைகளுக்குப் பூட்டிய ஐம்படைத் தாலியின் நகலும் வந்துவிட்டது. சங்கும் சக்கரமும் வில்லும் வாளும் தண்டுமாகத் திருமாலின் ஐந்து ஆயுதங்களும் விரல்நக அளவில் அதில் தொங்கும். இந்த ஊர்த் தமிழர்களின் அலமாரி மட்டும் காலி. அதை நிரப்புவதுதான் என் பொறுப்பு.

எங்கள் மேடம் போட்டது ஒரே நிபந்தனை. கடையில் வாங்கிய புதுப் பொருள் கூடாது. நிஜமாகவே ஒரு வீட்டை, ஒரு பிள்ளையைக் காத்த பொருளாக இருக்கவேண்டும். அந்த நிபந்தனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். புதுக் கயிற்றை யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள். வேலை பார்த்து முடித்த கயிறும் எலுமிச்சம்பழமும் பூசணிக்காயும் கை மாறவே கூடாது. ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும், இல்லையென்றால் முச்சந்தியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதையெல்லாம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுகிற ஒரே ஆள் நான்.

பின்பக்கத்துச் செருப்பு

கிள்ளானில் லோரிகளை நிறுத்திவைக்கும் ஒரு திடல். அங்கே ஒரு பழைய லோரியின் பின்னால் ஒற்றைச் செருப்பு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மழையிலும் வெயிலிலும் கிடந்து மரப்பட்டைபோல ஆகியிருந்தது. முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு கண்கள் வரைந்திருந்தன. பழங்காலக் கப்பல்காரர்களும் முகப்பில் இப்படித்தான் கண் வரைந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் எனக்கு மகிழ்ச்சி வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். நிழலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த லோரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "என்ன தங்கச்சி, சம்மன் எழுத வந்தியா?" என்றார்.

இல்லையென்று தலையாட்டி, ஒரு வழியாக விஷயத்தைச் சொன்னேன். கப்பல் கதையைக் கேட்டு அவருக்கும் சந்தோஷம். கூட்டாளிகளைக் கூப்பிட்டு, "டேய், நம்ம லோரி கப்பல் ஜாதிடா" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். எனக்கு ஒரு காப்பியும் வந்தது. நம்பிக்கையோடு செருப்பைக் கேட்டேன். அவர் முகம் மாறியது. அந்தச் செருப்பு ஏறிய பிறகு இந்த வண்டி ஒரு கீறல்கூட வாங்கியதில்லையாம். வாங்க வேண்டியதையெல்லாம் செருப்பே வாங்கிக்கொண்டதாம். அதை அவிழ்த்தால் அது வாங்கி வைத்திருப்பதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டார். செருப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "புதுச் செருப்பு வேணுமா, ஒரு ஜோடியே தரேன். அது வேணும்னா லோரியோட சேர்த்து என்னையும் எடுத்துட்டுப் போயிடு லா!"

கேட்டுக்கு வெளியே

முதல் பொருள் கிடைத்தது செலாயாங்கில். ஓர் அம்மா தன் மகன் குழந்தையாக இருந்தபோது கட்டிய இடுப்புக் கயிற்றை, மனம் வராமல், தூக்கிப் போடாமலே வைத்திருந்தார். சின்ன இரும்புத் துண்டும், நாய் உருவம் பொறித்த நாய்க்காசும் கோத்த கறுப்புக் கயிறு. மகன் இப்போது மீசை வைத்துக்கொண்டு மோட்டார் ஓட்டுகிறான். "இனிமே எதுக்கு, எடுத்துக்கம்மா" என்று கொடுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் பந்திங்கில் என் அக்கா சுமதி பிரசவம் முடிந்து வீடு திரும்பியிருந்தாள். எனக்கு இருப்பது ஒரே அக்கா. கல்யாணமாகி ரொம்ப வருஷம் காத்திருந்து, ஊர்ப் பேச்செல்லாம் கேட்டு, கடைசியில் பிறந்த ஆண் குழந்தை. அம்மாவும் துணைக்கு அங்கேதான் இருந்தார். செலாயாங்கிலிருந்து நேராக ரயில் பிடித்து, கிள்ளானில் பஸ் மாறி, பையோடு போய் இறங்கினேன். கேட்டைத் திறக்க வந்த அம்மா, "பையில என்ன?" என்றார். அப்போது "சாப்பாட்டு டப்பா" என்று சொல்லியிருக்கலாம். நானோ முதல் பொருள் கிடைத்த பெருமையில் கயிற்றை வெளியே எடுத்து, ஒரு பொருளின் வரலாற்றை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி முழுமையாகச் சொன்னேன். அந்தப் பையன் பிறந்தபோது எப்படி நோஞ்சானாக இருந்தான், எப்படி இரவெல்லாம் வீறிட்டான், எந்த மருந்தும் கேட்காமல் எப்படி இதைக் கட்டிய பிறகு தேறினான் என்று.

அம்மா கேட்டின் கொண்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளையைப் பிடித்ததெல்லாம் அந்தக் கயிற்றில் இருக்கிறது, கயிறு என் கையில் இருக்கிறது, நான் வாசலில் இருக்கிறேன். அம்மாவின் கணக்கு அவ்வளவுதான். உள்ளே போனார். குழந்தை அழும் சத்தம் கேட்டது. அக்கா ஏதோ கேட்பதும் அம்மா தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது. திரும்பி வந்து, கேட்டுக் கம்பிகளுக்கு மேலே ஒரு பொட்டலத்தை நீட்டினார். பத்தியச் சாப்பாடு, எனக்குப் பிடித்த பூண்டுக் குழம்பு. "கோவிச்சுக்காதம்மா. முப்பதாம் நாள் முப்பது கும்பிடும்போது சொல்லி அனுப்புறேன், அப்ப வந்து பாரு. நீ ஒண்ணும் பண்ண மாட்டே, உன்கூட என்னென்ன வருதுன்னு உனக்கே தெரியாது இல்ல?"

ஆண்டவரும் படிகாரமும்

பூண்டுக் குழம்பைக் கிள்ளான் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றிலிருந்து அக்கா மகனை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதும் தப்பு. குடும்பக் குழுவில் அம்மா படம் போடுவார். குழந்தையின் முகத்தின் மேல் ஒரு பெரிய சிவப்பு இதயம் ஒட்டியிருக்கும். அவன் பாதங்களை எனக்கு நன்றாகத் தெரியும். இடது உள்ளங்காலில் ஒரு மச்சம்.

அந்த வாரம் சுங்கை பூலோவில் ஒரு கத்தோலிக்க வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கார ஆன்டி நன்றாக உபசரித்தார். நாற்காலி போட்டார், மின்விசிறியை என் பக்கம் திருப்பினார், கேக் வெட்டினார். நான் கேட்க வந்ததைச் சொன்னதும், "நாங்க வேதக்காரங்கம்மா, இந்தக் கயிறு, எலுமிச்சை எல்லாம் எங்க வீட்ல கிடையாது" என்றார். சரி என்று கேக்கைச் சாப்பிட்டேன். தலையை நிமிர்த்தினால், வாசல் நிலைக்கு மேலே இயேசுவின் படம். படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புத் துணி முடிச்சின் வால் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. என் கண் போன இடத்துக்கு ஆன்டியின் கண்ணும் போனது. எழுந்து போய், கோணலாக இருந்த படத்தை நேராக்குவதுபோல வாலை உள்ளே தள்ளினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருமில்லாத வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "படிகாரம்மா. ஆண்டவர் பார்த்துக்குவாரு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அவருக்கு உலகம் முழுக்க வேலை கிடக்கு. வாசலை மட்டும் இது பார்த்துக்கட்டும்னு வச்சேன்."

என் மேசை

பொருட்கள் சேரச் சேர, அவற்றை வைக்க அலுவலகத்தில் வேறு இடமில்லை என்று என் மேசைக்குப் பின்னால் அடுக்கினார்கள். முதலில் அச்சுப்பொறி என் பக்கத்திலிருந்து இடம் மாறியது. பிறகு எல்லோரும் கூடிச் சாப்பிடும் மேசை ஜன்னலோரத்துக்குப் போனது. "அங்கதான் காத்து வருது" என்றார்கள். அது திறக்கவே திறக்காத ஜன்னல். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கே போவேன். பேச்சு சட்டென்று வானிலைக்கு மாறும். கொஞ்ச நாளில் நானே என் இடத்தில் சாப்பிடப் பழகிக்கொண்டேன். நீலக் கண்ணாடி மணிகள் நிறைந்த பெட்டி ஒன்று மூடியில்லாமல் எதிரில் இருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டு சாப்பாட்டுக்குத் துணையிருந்தவை அந்தக் கண்கள்தான்.

ஒரு காலையில் என் மேசைக்கும் வரவேற்பாளர் வனிதாவின் மேசைக்கும் நடுவே தரையில் பாதி எலுமிச்சம்பழம் கிடந்தது. குங்குமம் தடவியிருந்தது. எனக்கு வருத்தம் ஒரு பக்கம். நல்ல நிலையில் ஒரு காட்சிப்பொருள் கிடைத்த ஆசை இன்னொரு பக்கம். "இது முடிஞ்சதும் நான் எடுத்துக்கவா?" என்று கேட்டேன். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல பெண், என் பிறந்த நாளுக்கு எல்லோரிடமும் சொல்லிக் கேக் வாங்கியவள் அவள்தான். "தப்பா எடுத்துக்காத புவனா. உன்னை ஒண்ணும் சொல்லல. உன் டேபிளைத்தான் சொல்றேன்."

நம்பாத டாக்டர்

பல்வலி என்று போன இடத்தில்கூட என் தொழில் என்னை விடவில்லை. என் வாய்க்குள் ஊசியோடு குனிந்த பல் டாக்டரின் மணிக்கட்டில் நீலக் கண் மணி ஒன்று ஆடியது. வாய் மரத்துப் போயிருந்ததால் எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்க முடிந்தது. அவர் சிரித்தார். இஸ்தான்புல்லுக்குச் சுற்றுலா போனபோது வாங்கியது, வெறும் அலங்காரம், தான் அறிவியல் படித்தவள் என்றார். நான் காட்சியகத்தைப் பற்றிச் சொல்லி, அலங்காரம்தானே, கொடுத்தால் உங்கள் பெயர் போட்டு வைப்போம் என்றேன். பாதி உதடு இன்னும் மரத்திருந்ததால் எனக்கே புரியாத மாதிரிதான் பேசினேன். ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

மணியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். இதைக் கட்டிய பிறகுதான் சொந்த கிளினிக் திறந்தாராம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து குளிக்கும்போதும் கழற்றியதில்லையாம். அதற்கும் காரணம் ஒன்றுமில்லையாம். கடைசியில் கையை வெள்ளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். "நான் இதையெல்லாம் நம்புறதில்ல மிஸ். ஆனா நான் நம்பலைன்னு அதுக்குத் தெரியாது இல்லையா?"

நெடி

பொருள் கிடைக்காவிட்டால் படமாவது எடுத்து வா என்று மேடம் சொன்னார். செலாயாங்கில் உயரமான ஓர் அடுக்குமாடியில், புதுக் கார் வாங்கிய ஒரு குடும்பம் சுத்திப் போடுவதைப் படமெடுக்கச் சம்மதித்தது. காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு. வீட்டுக்காரரை உட்காரவைத்து அவர் மனைவி மூன்று சுற்று சுற்றி நெருப்பில் போட்டார். இதன் விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நெடி வந்தால் கண் இல்லை. நெடியே வராவிட்டால் ஏகப்பட்ட கண். நான் கேமராவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

நெடி வந்தது. சாதாரணமாக வரவில்லை. பால்கனிக் கதவு சாத்தியிருந்த அந்தச் சின்ன வீட்டில் எனக்குக் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா இருமிக்கொண்டே கதவைத் தட்டினார். காவலாளி ஓடி வந்தார். இந்த அமளிக்கு நடுவே அந்தம்மா அசையாமல் நின்று, கணவரை ஒரு பார்வை பார்த்து, "உங்களுக்கு நெடி வருதா?" என்றார். மனிதர் தோள் குலுங்க இருமலை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். "இல்ல" என்றார். அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "நல்லா எடுத்துக்கம்மா, துளி நெடி இல்ல. அவ்வளவு கண்ணு பட்டிருக்கு என் புருஷனுக்கு!"

திரும்பும் ரயிலில் என் சட்டை முழுக்க மிளகாய் வாசம். பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது.

ராணி அக்காவின் கேள்வி

எனக்குத் தாராளமாகப் பொருள் கொடுத்தவர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ராணி அக்கா ஒருவர்தான். கொடுத்தார் என்றும் சொல்லக் கூடாது. கையில் கொடுத்தால் பாவம் என்பதால் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கடை வாசலில் கட்டிய எலுமிச்சை மிளகாய்ச் சரம் காய்ந்ததும் அவிழ்த்து, எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, முக்குக்குப் போய் ரோட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார். பின்னால் வரும் கார்கள் நசுக்குவதற்குள் நான் ஓடிப் பொறுக்கவேண்டும். "நான் போட்டுட்டேன். ரோட்ல கிடக்கிறதை நீ எடுத்தா அது உன் பாடு." டாக்சிக்காரர்கள் ஹாரன் அடித்து எனக்குப் பழகிவிட்டது.

முப்பது கும்பிடும் நாள் நெருங்கியும் அம்மாவிடமிருந்து அழைப்பு வராத வாரம் அது. குழுவில் அன்றும் ஒரு சிவப்பு இதயம் வந்திருந்தது. சரத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கடை ஓரமாக நின்று அதைத் தாளில் சுற்றினேன். ராணி அக்கா மல்லிகையைத் தொடுத்தபடி, "ஊர்க் கண்ணையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போறியே, உனக்கு யாரு சுத்திப் போடுறா?" என்று கேட்டார். தனக்குத் தானே சுத்திப் போட்டுக்கொள்ள முடியாது. இன்னொரு கை வேண்டும். யாருமில்லை, ஓர் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன் என்றேன். "கூடப் பேச, சாப்பிட?" அதற்கும் இல்லையென்று தலையாட்டினேன். அவர் நூலைப் பல்லால் கடித்து, கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் யோசித்தார் என்பது எனக்குத் தெரியும். "அப்பப் பயமில்ல. பார்க்க ஆளு இருந்தாத்தானே கண்ணு படும்?"

முப்பது

அம்மா கூப்பிட்டார். ஆனால் நிபந்தனைகளோடு. வேலையிலிருந்து நேராக வரக் கூடாது; பை கூடாது; தலைக்குக் குளித்துவிட்டு வரவேண்டும்; அங்கே வந்து வேலையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனை எனக்குச் சுலபம் என்று நினைத்தேன்.

பந்திங்கில் அக்கா வீட்டு முன்னால் கூடாரம் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். கூடம் நிறையப் பெண்கள். குழந்தை கை மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. வாங்கிய ஒவ்வொருவரும் அவனைத் திட்டினார்கள். "சீ, கறுப்பா!" "மூக்கைப் பாரு, மிதிச்ச மாதிரி!" "ஐய, இது யாரு பெத்த குரங்கு?" இந்த வழக்கம் உலகத்துக்கே பொது. ரோமாபுரித் தாய்மார்கள் யாராவது பிள்ளையைப் புகழ்ந்தால் துப்புவார்கள். நம் ஆட்கள் புகழாமலே தப்பித்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி எங்கள் காட்சியகத்தில் வைக்கப் போகும் விளக்க அட்டையை எழுதியதே நான்தான். சமையலறைக் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். குழந்தை என் பக்கம் வரும்போதெல்லாம், யாரும் எதுவும் சொல்லாமலே, எனக்கு முந்தின ஆளிடமிருந்து எனக்கு அடுத்த ஆளிடம் போய்விடும். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான்.

ஒரு முறை அக்காவின் தோழி அவனை வாங்கிக்கொண்டு, துணியைச் சரிசெய்ய என் முன்னால் நின்றாள். இதயம் ஒட்டாத முகத்தை அப்போதுதான் பார்த்தேன். கொட்டாவி விட்டான். எனக்கு மகிழ்ச்சி வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு மட்டும் அடைக்கவில்லை. "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கான்!" என்றேன். என் குரல் எப்போதும் பக்கத்து ஆளுக்கே கேட்காது. அன்று கூடாரத்தில் பாட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள்போல. தெருமுனை வரை கேட்டது.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் மாமியார்தான் முதலில் பேசினார்: "காலடி மண்ணு எடுங்க." கண் வைத்தவர் மிதித்த மண்ணை எடுத்துப் பிள்ளைக்குச் சுத்திப் போட்டால் சரியாகிவிடும். யார் மிதித்த மண் என்று யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு சிக்கல். அது தாமான் வீடு, வரிசைக் குடியிருப்பு. முன்னால் சிமெண்ட், பக்கவாட்டில் சிமெண்ட், உள்ளே ஓடு. நான் மிதிக்க மண்ணே இல்லை. ஒரு சித்தி, "பூந்தொட்டியில ஏறி நிக்கச் சொல்லலாமா?" என்றார். தொட்டி என்னைத் தாங்காது என்று இரண்டு பேர் நியாயமாக எதிர்த்தார்கள். கடைசியில் பின்பக்கம் சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே கறிவேப்பிலை மரம் நிற்கும் ஒரு துண்டு மண் நினைவுக்கு வந்தது. செருப்பில்லாமல் அதில் நடந்தேன். ஈர மண், தடம் அழகாக விழுந்தது. அம்மா கரண்டியால் சுரண்டி எடுத்தார். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

கறிவேப்பிலை மரத்தடியிலேயே நின்றேன். உள்ளே மிளகாய் வெடிக்கும் சத்தம். இருமல். பிறகு பேச்சுகள் மெல்லத் திரும்பி வந்தன, யாரோ சிரித்தார்கள். முன்வாசல் வழியாகப் போனால் எல்லோரையும் தாண்டவேண்டும். பின்வேலியில் கதவு இல்லை. காலைக் கழுவக் குழாயைத் தேடிக்கொண்டு, கிள்ளானுக்கு அடுத்த பஸ் எப்போது என்று யோசித்தேன். அப்போது பின்கதவு திறந்தது. அக்கா. இடுப்பில் இறுக்கிச் சுற்றிய துணி, காதில் பஞ்சு, தோளில் குழந்தை. பிரசவத்துக்குப் பிறகு அவளை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இளைத்திருந்தாள். சேற்றுக் கால்களோடு நிற்கும் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிறு வயதில் நான் திட்டு வாங்கும்போதெல்லாம் வரும் அதே சிரிப்பு. குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்க்கா, அம்மா திட்டுவாங்க" என்று பின்னால் நகர்ந்தேன். அவள் படியிறங்கி வந்து, என் கைகளைப் பிடித்து, எப்படி ஏந்துவது என்று வளைத்துவிட்டு, அவனை அதில் வைத்தாள். "படவேண்டிய கண்ணு பட்டுடுச்சு, எடுக்கவேண்டியதையும் எடுத்தாச்சு. இன்னிக்கு இந்த வீட்ல உன்னை மாதிரி ஆபத்தில்லாத ஆளு யாருடி இருக்கா? தலையை நல்லாப் பிடி."

ஆகவே, கதவு தட்டிப் பிழைக்கும் என் உறவுகளே, எவ்வளவு கெஞ்சினாலும் கேட்டைத் திறக்காத நம் மக்கள், நாம் ஒரு முறை காரியத்தைக் கெடுத்துவிட்டால், பிள்ளையையே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.